பேசக் கூடாது என்றோர் ஆணை: மரனாவ் காவியத்தில் பகையும் சமாதானமும்

பிலிப்பைன்ஸ் நாட்டின் தெற்கே, மிண்டனாவோ தீவில், லனாவ் ஏரியைச் சுற்றி வாழும் மரனாவ் மக்களின் காவியம் தாரங்கென். அதில் வெளியுலகம் அதிகம் அறிந்த கதை ஓர் ஆணையில் தொடங்குகிறது. பெம்பாரன் நாட்டு அரசன் மதலி, தன் உடன்பிறந்தவனாகிய பந்துகனோடு எவரும் பேசக் கூடாது என்றும், மீறிப் பேசுகிறவர் உயிரை இழக்க நேரிடும் என்றும் அறிவிக்கிறான். பந்துகன் செய்த குற்றம் ஏதும் இல்லை. அவன் அழகன், பெருவீரன். பல நாட்டு இளவரசிகள் அவனை விரும்புகிறார்கள். அந்தப் புகழை அரசனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவன் வாளை உருவவில்லை, பந்துகனைச் சிறையில் அடைக்கவில்லை, ஊரின் வாயை மட்டும் கட்டிவிடுகிறான்.

காவியங்களில் பகை எப்படி மூள்கிறது என்பதைத் தேடித் தேடிப் படிக்கிற வழக்கம் எனக்கு உண்டு. பெண்ணைக் கவர்வது, நிலத்தைப் பறிப்பது, சூதில் வெல்வது, விருந்தில் அவமதிப்பது என்று காரணங்கள் பெரும்பாலும் ஆரவாரமானவை. ஒரு மனிதனைச் சுற்றி மௌனத்தை எழுப்பி, அந்த மௌனமே அவனைக் கொல்லும்படி விடுகிற கதையை வேறெங்கும் நான் கண்டதில்லை. தாரங்கெனை ஆங்கில வழியாக வாசித்தவன் நான். ஆயினும் வாசிக்க வாசிக்க ஓர் எண்ணம் உறுதிப்பட்டது. இந்தக் காவியத்தில் பேச்சு நிற்கிற இடத்தில் பகை பிறக்கிறது; நின்றுபோன பேச்சை, இரு தரப்பிலும் சேராத ஒருவர் மீண்டும் தொடங்கிவைக்கும்போது சமாதானம் வருகிறது. மரனாவ் சமூகம் இன்றும் தன் குலப்பகைகளைத் தீர்த்துக்கொள்ளும் முறையைப் பார்த்தால், காவியம் சொல்வதும் ஊர் செய்வதும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

காவியத்தின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். தாரங்கென் 17 பகுதிகளைக் கொண்டது; மொத்தம் 72,000 அடிகள். இசுலாம் இப்பகுதிக்கு வருவதற்கு முந்தைய வேர்களைக் கொண்ட வாய்மொழிப் பாடல் அது. மரனாவ் மக்கள் இன்று இசுலாமியர். ஆனாலும் தெய்வ வழிவந்த அரசர்களும், வீரர்களுக்குத் துணைநிற்கும் தோனோங் என்னும் காவல் ஆவிகளும் நிறைந்த இந்தப் பாடலை அவர்கள் கைவிடவில்லை. அரபு எழுத்திலிருந்து உருவான கிரிம் எழுத்தில் சில குடும்பங்கள் அதன் பகுதிகளைக் கையெழுத்துப் படிகளாகக் காத்து வந்தன. அமெரிக்கப் பாதிரியாரான ஃபிராங்க் லாபாக், அன்று தான்சலன் என்று அழைக்கப்பட்ட மராவியில் இருந்தபோது இப்பாடல்களைக் கேட்டு வியந்து, 1930-இல் பந்துகன் கதையை ஆங்கிலத்தில் எழுதினார். பிற்காலத்தில் மிண்டனாவோ அரசுப் பல்கலைக்கழகம், மரியா டெலியா கொரொனெல் என்னும் கன்னியாஸ்திரீயின் முன்முயற்சியில், மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பல தொகுதிகளாக வெளியிட்டது. யுனெஸ்கோ 2005-இல் இதை மானுடத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. 2008-இல் தன் பட்டியலில் சேர்த்தது.

யுனெஸ்கோவின் குறிப்பில் ஒரு செய்தி உண்டு. மரனாவ் மூத்தோர் வழக்காற்றுச் சட்டத்தின்படி தீர்ப்புச் சொல்லும்போது இன்றும் இந்தக் காவியத்தை மேற்கோள் காட்டுகிறார்கள். இதைப் பாடுகிற ஓனோர் என்னும் பாடகர்களுக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், நினைவாற்றலும் குரல்வளமும் மட்டும் போதாது; வழக்காற்றுச் சட்டமும் குலவரலாறும் தெரிந்திருக்க வேண்டும். பல இரவுகள் நீளும் திருமண விழாவில் பாடுகிறவரும், பகைத்த இரண்டு குடும்பங்களுக்கு நடுவே அமர்ந்து வழக்கைப் பேசித் தீர்க்கிறவரும் ஒரே கல்வியைப் பெற்றவர்கள் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. காவியம் அங்கே பொழுதுபோக்காகவும் சட்டநூலாகவும் ஒருங்கே இருந்து வந்திருக்கிறது.

இனி கதைக்கு வருகிறேன். மதலியின் ஆணைக்குப் பிறகு பந்துகன் வீதியில் நடக்கிறான். எவரும் அவன் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்வதில்லை. மரனாவ் வாழ்வில் மரதபாத் என்று ஒன்று உண்டு. தன் மானம், தன் குலத்தின் மதிப்பு, தன் அந்தஸ்துக்கு உரிய மரியாதை எல்லாம் சேர்ந்தது அது. மரனாவ் சமூகவியலாளரான மமிதுவா சபேர் முதலியோர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். உயர்குடியில் பிறந்தவனுக்கு இது கூடுதலாக இருக்கும். அது காயப்பட்டால் பதில் செய்தே ஆக வேண்டும், செய்யாதவன் தலைநிமிர முடியாது. மதலியின் ஆணை பந்துகனின் மரதபாத்தைப் பட்டப்பகலில் பறிக்கிறது. ஆனால் பறித்தவன் அரசன், அதிலும் உடன்பிறந்தவன். பதிலுக்கு வாளை எடுத்தால் சொந்தக் குலத்தையே வெட்ட வேண்டும். எடுக்காவிட்டால் உயிரோடு இருப்பதற்கே பொருளில்லை. இந்த இக்கட்டில் பந்துகன் மூன்றாவது வழி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறான்; ஊரைவிட்டு வெளியேறுகிறான்.

இதைக் கோழைத்தனம் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. ரிடோ என்று மரனாவ் மக்கள் அழைக்கும் குலப்பகையிலும் முதலில் நடப்பது விலகலே. பகை மூண்டதும், தாக்கப்படக்கூடிய ஆண்கள் ஊரைவிட்டு வேறிடம் போய்விடுவது வழக்கம். கண்ணில் படாமல் இருந்தால் இன்னொரு கொலை தள்ளிப்போகும், பேச்சுக்குக் காலம் கிடைக்கும். விலகல் உயிரைக் காக்கும், ஆனால் பகையைத் தீர்க்காது என்பதைக் கதை அடுத்த கட்டத்தில் காட்டுகிறது. மனம் நொந்து அலைந்த பந்துகன் நோய்வாய்ப்பட்டு, இரு கடல்களுக்கு இடைப்பட்ட நாட்டின் அரண்மனை வாயிலில் விழுந்து இறந்துபோகிறான்.

அந்த நாட்டை ஆள்பவனும் அவன் உடன்பிறந்தவளான இளவரசி ததிம்பாங்கும் பந்துகனை அறியாதவர்கள். காவியத்தில் என்னை மிகுதியும் கட்டிப்போட்ட இடம் இதுதான். உயர்குடிக்கு உரிய தோற்றமுடைய ஓர் அந்நியனின் உடல் உங்கள் வாயிலில் கிடக்கிறது. மானத்துக்காக உயிரை எடுக்கவும் கொடுக்கவும் தயங்காத உலகத்தில், அது வெறும் துயரச் செய்தி ஆகாது. அவன் குலத்தார் தேடி வந்தால், எங்கள் பிள்ளை உங்கள் வாசலில் ஏன் இறந்தான் என்பதே அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. சத்தமில்லாமல் புதைத்துவிடுவது எளிது, ஆனால் புதைத்தது தெரிந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகும். அவர்கள் இருவரும் அவையைக் கூட்டுகிறார்கள். இவன் யார், என்ன செய்வது என்று எல்லோர் முன்னிலையிலும் பேசுகிறார்கள். மதலி பேச்சைத் தடுத்து ஒரு சாவை வரவழைத்தான். முன்பின் அறியாத இந்த இருவரும் பேச்சைத் திறந்துவைத்து அடுத்த சாவைத் தடுக்கிறார்கள். காவியப் பாடகர்கள் இந்த இரண்டு அரசவைகளையும் அருகருகே வைத்தது தற்செயலாக இருக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

அவையில் இருக்கும் எவருக்கும் விடை தெரியாத நிலையில் ஒரு கிளி பறந்து வந்து, இறந்தவன் பெம்பாரனின் பந்துகன் என்று சொல்கிறது. மதலியிடம் செய்தியைக் கொண்டு செல்வதும் கிளியே. அந்தக் கிளியைக் கற்பனை அலங்காரம் என்று ஒதுக்கிவிட்டுப் போவது பிழை. மதலி தன் ஆணையைத் தானே திரும்பப் பெற்றால் அவனுடைய மரதபாத் குலையும். ததிம்பாங்கின் நாட்டார் நேரே தூதனை அனுப்பினால், தூதனின் குலமும் தகுதியும் ஒரு பிரச்சினையாகும். அவனையே குற்றவாளியாகப் பார்க்கவும் கூடும். கிளிக்குக் குலமில்லை, அந்தஸ்து இல்லை, பழிவாங்க உறவினர் இல்லை. அதைக் கொன்று எவரும் கணக்கைத் தீர்த்துக்கொள்ள முடியாது. எந்தத் தரப்பின் மானத்தையும் தொடாமல் இரு தரப்புக்கும் செய்தி சொல்லக்கூடிய ஒன்றைக் காவியம் தேர்ந்தெடுத்திருக்கிறது.

செய்தி கேட்ட மதலி வானுலகுக்குப் போய், பந்துகனின் உயிரை மீட்டு வருகிறான். ததிம்பாங் உடலைப் பெம்பாரனுக்குக் கொண்டுவருகிறாள். உடலும் உயிரும் பொருந்த, இறந்தவன் எழுகிறான். மதலி வாயளவில் வருத்தம் தெரிவித்ததோடு கதை அவனை விட்டுவிடவில்லை. தான் போக்கிய உயிரை விண் வரை சென்று தானே மீட்கும் உழைப்பை அவன் தலையில் சுமத்துகிறது. மரனாவ் வழக்காற்றிலும் வெறும் மன்னிப்பு போதாது. இழப்புக்கு ஈடு கொடுக்க வேண்டும். அந்த ஈட்டைத் தீங்கிழைத்தவரின் தரப்பு எல்லோரும் அறியக் கொடுக்க வேண்டும். பெம்பாரனில் விழா நடக்கிறது. இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் அழகான சமாதானக் கதை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை.

பந்துகன் இறந்தான் என்ற செய்தி இதற்குள் பகையரசன் மிஸ்கோயாவை எட்டியிருக்கிறது. காவல் போன நாடு என்று கருதி அவன் படையெடுத்து வருகிறான். பந்துகன் உயிர்த்தெழுந்த செய்தி அவனுக்குத் தெரியாது. அவனிடம் போன கிளி எதுவும் இல்லை. பாதிச் செய்தியை நம்பி வந்தவனோடு பாதி வலிமையே திரும்பியிருந்த பந்துகன் மோதுகிறான், களைத்துப் பிடிபடுகிறான், கட்டப்பட்ட நிலையில் வலிமை மீள, தளைகளை அறுத்துக்கொண்டு பகைப்படையை அழிக்கிறான். இங்கே அவை இல்லை, தூது இல்லை, ஈடு இல்லை. தாரங்கெனை அமைதி நூல் என்று யாராவது புகழ்ந்தால் இந்தப் பகுதியை நான் அவர்களுக்குச் சுட்டிக்காட்டுவேன். சமாதானத்தின் எல்லை எதுவரை செல்லும் என்பதைக் காவியம் மறைக்கவில்லை. உறவின் வட்டத்துக்குள் பேச்சு. வட்டத்துக்கு வெளியே வாள். அதனால்தான் கதை இத்தோடு நில்லாமல் வட்டத்தை அகலப்படுத்தப் புறப்படுகிறது. போர் முடிந்ததும் பந்துகன் தனக்கு நிச்சயிக்கப்பட்ட இளவரசிகளின் நாடுகளுக்கெல்லாம் சென்று, அவர்களைப் பெம்பாரனுக்கு அழைத்துவந்து மணக்கிறான். ஒவ்வொரு மணமும் ஒவ்வோர் உடன்படிக்கை. இன்று அயலார், நாளை மைத்துனர். அந்தப் பெண்களின் விருப்பம் எவ்வளவு கேட்கப்பட்டது என்ற கேள்வி எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு இந்த உடன்படிக்கை முறையைப் பாராட்ட என்னால் முடியவில்லை.

இதே நாட்டின் வடக்கே, இஃபுகாவ் மக்களின் ஹுட்ஹுட் பாடல்களில் அலிகுயோன், பும்பாக்காயோன் என்னும் இரு வீரர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டு, எவரும் வெல்ல முடியாமல், ஒருவர் திறமையை மற்றவர் மதித்து, ஒருவர் சகோதரியை மற்றவர் மணந்து சமாதானமாகிறார்கள். அங்கே பகைவர் இருவருமே நேருக்கு நேர் பார்த்துத் தீர்வைக் கண்டடைகிறார்கள். தாரங்கெனில் அப்படி நடப்பதில்லை. காயப்பட்டவரும் காயப்படுத்தியவரும் தாமாகப் பேசிக்கொள்ள முடியாது என்பது இந்தக் காவியத்தின் அடிப்படைப் புரிதல். யாரோ நடுவில் வந்தாக வேண்டும்.

லனாவ் ஏரிக்கரையில் இந்தப் புரிதலுக்கு இன்றும் தேவை குறையவில்லை. ஆசியா ஃபவுண்டேஷன் முன்னெடுத்த ஆய்வு ஒன்று, 1930-களிலிருந்து 2005 வரை மிண்டனாவோவில் 1,266 ரிடோ பகைகளைப் பதிவு செய்தது. அவற்றில் 5,500-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள், ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்திருக்கிறார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பகைகள் தீராமல் கிடந்தன. மரனாவ் மக்களின் தாயகமான லனாவ் தெல் சூர் மாகாணத்தில்தான் எண்ணிக்கை அதிகம். காரணங்களில் நிலத் தகராறும் தேர்தல் போட்டியும் முன்னிற்கின்றன. ஓர் அவமதிப்புச் சொல்லில் தொடங்கியவையும் உண்டு. கொன்றவன்தான் பழிக்குப் பலியாக வேண்டும் என்பதில்லை. அவன் குலத்தில் தகுதியுள்ள எந்த ஆணும் இலக்காகலாம். தாத்தா காலத்துச் சண்டைக்குப் பேரன் பள்ளிக்குப் போக முடியாமல் வீட்டில் அடைந்து கிடக்கிற நிலை இப்படித்தான் வருகிறது.

தீர்க்கும் முறை ஏறக்குறைய இவ்வாறு செல்கிறது. இரு தரப்புக்கும் உறவானவர், அல்லது இரு தரப்பும் மதிக்கிற தாத்து என்னும் குலத்தலைவர், சுல்தான், மார்க்க அறிஞர் ஒருவர் முதலில் தனித்தனியே இரு வீடுகளுக்கும் போகிறார். நான் சமாதானத்துக்குத் தயார் என்று எந்தக் குடும்பமும் முதலில் சொல்லாது. சொன்னால் பயந்துவிட்டார்கள் என்று பொருள்படும். எனவே நடுவர் ஒரு தரப்பின் எண்ணத்தைத் தன் எண்ணமாக மறு தரப்பிடம் சொல்கிறார். அங்கே கேட்டதையும் அதே முறையில் இங்கே கொண்டுவருகிறார். வசவு வழியில் உதிர்ந்துவிடும், கோரிக்கை மட்டும் வந்து சேரும். பல சமயங்களில் இந்த வேலையைப் பெண்கள் செய்கிறார்கள். ரிடோவில் பெண்கள் மீது கை வைக்கக் கூடாது என்ற பழைய கட்டுப்பாடு இருந்து வருவதால், ஆண்கள் தலைகாட்ட முடியாத தெருவில் அவர்களால் நடந்துபோக முடிகிறது. பேச்சு கனிந்ததும் சல்சிலா எனப்படும் குலவரலாற்றை விரிக்கிறார்கள். எத்தனையாவது தலைமுறையில் இந்த இரண்டு குடும்பங்களும் ஒரே பாட்டனைப் பகிர்கின்றன என்று சொல்லி, நீங்கள் அயலார் இல்லை, உறவுக்குள் வெட்டிக்கொண்டவர்கள் என்று நிறுவுகிறார்கள். அதன்பின் இரத்த ஈட்டுத் தொகை பேசி முடிவாகிறது. குர்ஆன் மீது உறுதிமொழி, கந்தூரி விருந்து, ஊரறிய உடன்படிக்கை என்று வழக்கு முடிகிறது. சில வழக்குகளில் ஒரு திருமணமும் சேர்ந்துகொள்கிறது.

குலவரலாறு சமாதானத்தின் கருவியாவது கல்வெட்டுப் போல நிலையான ஏற்பாடு இல்லை. அது சொல்கிறவரின் அறிவையும் நேர்மையையும் பொறுத்தது. மறந்த உறவை நினைவூட்டுகிற அதே வாயால் மறந்த அவமானத்தையும் நினைவூட்ட முடியும். தாரங்கென் பாடலுக்கும் இது பொருந்தும். வீரர்களின் மானத்தைப் பல இரவுகள் பாடிக் கேட்டு வளர்கிற இளைஞன், பந்துகன் தளைகளை அறுத்த வீரத்தை எடுத்துக்கொள்வானா, ததிம்பாங் அவை கூட்டிய நிதானத்தை எடுத்துக்கொள்வானா என்பதற்கு உறுதி இல்லை. ரிடோவை வளர்க்கிற மரதபாத்துக்குக் காவியம் எரிபொருளாகவும் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். இதைச் சொல்லாமல் காவியத்தைச் சமாதானக் களஞ்சியமாக மட்டும் காட்டுவது அந்த மக்களின் துயரத்தை எளிதாக்கிக் காட்டுவதாகும்.

இங்கே தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பிலிப்பைன்ஸ் அறிஞர் ஹுவான் பிரான்சிஸ்கோ, 1960-களின் இறுதியில் மரனாவ் மக்களிடையே மகராதியா லவானா என்னும் உரைநடைக் கதையைக் கண்டெடுத்தார். லவானா என்பவன் நமக்குத் தெரிந்த இராவணன். அங்கே அவன் ஒரு சுல்தானின் பல தலை மகன். சீதையைக் கவர்வதற்கு வெகு முன்பே அவன் தன் தந்தையால் நாடு கடத்தப்படுகிறான். காரணம் அவன் நாக்கு. அவனுடைய பொறுப்பற்ற பேச்சால் மனிதர்கள் உயிரிழக்கிறார்கள். பேச்சை அடைத்த மதலியும் பேச்சை அவிழ்த்துவிட்ட லவானாவும் ஒரே மக்களின் கற்பனையில் பக்கம் பக்கமாக வாழ்கிறார்கள். சொல்லைக் கையாளத் தெரியாதவன் ஆளத் தகுதியற்றவன் என்பதில் இரண்டு கதைகளுக்கும் வேறுபாடில்லை.

2017-ஆம் ஆண்டு மே 23 முதல் அக்டோபர் 23 வரை மராவி நகரில் ஐந்து மாதங்கள் போர் நடந்தது. ஐ.எஸ். இயக்கத்துக்கு விசுவாசம் அறிவித்த ஆயுதக் குழுக்களுக்கும் அரசுப் படைக்கும் இடையே நடந்த அந்தப் போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து சிதறினர். ஏரிக்கரை நகரின் நடுப்பகுதி இடிபாடானது. குடும்பங்கள் சிதறும்போது அவர்களின் சல்சிலாவை அறிந்த முதியவர்களும் சிதறுகிறார்கள். எல்லைக் கல் பெயர்ந்த மனைகளில் யாருடையது எது என்ற கேள்வி எழும்போது, அது புதிய ரிடோவுக்கு விதையாகலாம். மறுபக்கம், மிண்டனாவோ முஸ்லிம்களின் ஆயுதக் கிளர்ச்சி அமைப்பான மோரோ இசுலாமிய விடுதலை முன்னணிக்கும் அரசுக்கும் இடையே 2014 மார்ச் 27-இல் கையெழுத்தான ஒப்பந்தம், பல்லாண்டுகள் மலேசியா நடுவில் இருந்து பேச்சை நடத்தியதால் சாத்தியமாயிற்று. அதன் விளைவாக 2019-இல் பாங்சமோரோ தன்னாட்சிப் பகுதி உருவானது. லனாவ் தெல் சூரும் மராவியும் அதற்குள் அடங்கும். நாடுகளுக்கிடையிலும் குடும்பங்களுக்கிடையிலும் மூன்றாம் தரப்பின் வேலை ஒன்றுதான்.

தாரங்கென் பாடல்கள் இன்று முன்போல அடிக்கடி பாடப்படுவதில்லை. அதன் பழஞ்சொற்கள் பாடகருக்கும் முதியோருக்கும் அறிஞருக்கும் மட்டுமே முழுதும் விளங்குகின்றன. பெம்பாரனின் பழைய பழக்கங்கள் மார்க்கத்துக்குப் பொருந்தாதவை என்று விலகுகிறவர்களும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத் தொகுதிகள் அடிகளைக் காப்பாற்றிவிட்டன, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வழக்கு நடக்கிற வீட்டில் உட்கார்ந்து, பொருத்தமான நேரத்தில், பொருத்தமான அடியை எடுத்துச் சொல்லி, இரு தரப்பையும் ஒரே பாட்டனிடம் கொண்டுபோய் நிறுத்துகிற ஓனோரை அச்சுப் பிரதி உருவாக்காது. அந்தப் பயிற்சி குருவின் அருகில் பல ஆண்டுகள் இருந்து பெறுவது. மூத்த பாடகர்கள் இருக்கும்போதே இளையவர்களுக்கு, பாடலோடு சேர்த்து வழக்காற்றுச் சட்டத்தையும் குலவரலாற்றையும் கற்பிக்க ஏற்பாடு செய்வது, பாங்சமோரோ அரசு பண்பாட்டுக்காகச் செய்யக்கூடிய பணிகளுள் மிக அவசரமானது என்று நான் கருதுகிறேன்.